திரையின் வெளிச்சம் யார் கையில்?

இரவு பதினொன்றரை மணி. மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்து. விளக்குகளை அணைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. பாதிப் பேர் தூக்கத்தில். ஜன்னலோரத்தில் ஒரு கல்லூரி மாணவர் செல்போன் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவைத்து ஏதோ படித்துக்கொண்டிருக்கிறார். காலையில் இறங்கியதும் மெட்ரோவில் போக வேண்டும், அந்த டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என டிக்கெட் செயலியைத் திறக்கிறார். அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைக் கட்டத்தோடு திரை பளீரென்று எரிகிறது. பக்கத்து இருக்கைப் பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் குறைப்பா" என்கிறார். "நான் ஒண்ணும் பண்ணலைங்க ஐயா, அதுவா ஏறிடுச்சு" என்று மாணவர் போனை மடியில் கவிழ்க்கிறார்.

இப்போது வேறொரு காட்சி. மத்தியானம் ஒரு மணி. உச்சி வெயில். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் பணம் கட்ட வேண்டும். ஓட்டுநர் தன் போனில் கியூஆர் குறியீட்டைத் திறந்து நீட்டுகிறார். பேட்டரி நாள் முழுக்க வர வேண்டும் என்பதற்காக அவர் எப்போதும் வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பவர். "அண்ணே, ஒண்ணுமே தெரியலையே" என்று பயணி சொல்லி வாய் மூடுவதற்குள், செயலி தானாகவே வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. 'டிங்' என்று சத்தம். வேலை முடிந்தது.

இரண்டு இடத்திலும் செயலி செய்தது ஒரே காரியம்தான். உரிமையாளரைக் கேட்காமல் அவருடைய போனின் திரை வெளிச்சத்தைக் கூட்டியது. ஓரிடத்தில் அது உதவி, இன்னோர் இடத்தில் தொல்லை. அப்படியானால் ஒரு செயலிக்கு இந்த அதிகாரம் இருக்கலாமா, கூடாதா? இருக்கலாம் என்றால் எதுவரை? சின்ன விஷயம்போலத் தெரியும் இந்தக் கேள்விக்குள், கையில் இருக்கும் பொருள் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு செயலி வெளிச்சத்தை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, தன்னுடைய சாளரத்துக்கு மட்டும் வெளிச்சத்தை நிர்ணயித்துக்கொள்வது. 0 என்றால் மிகக் குறைவு, 1 என்றால் முழு வெளிச்சம், கழித்தல் குறியோடு எண்ணைக் கொடுத்தால் 'பயனர் வைத்ததே இருக்கட்டும்' என்று பொருள். 2009-ல் வந்த ஆண்ட்ராய்டு 1.5 காலத்திலேயே இந்த வசதி வந்துவிட்டது. இதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. இதன் நல்ல குணம், அந்தச் சாளரம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்வரைதான் இது செல்லும். வேறு செயலிக்குப் போன உடனே பழைய வெளிச்சம் தானாகத் திரும்பிவிடும்.

இரண்டாவது வழி, போனின் பொது அமைப்பையே மாற்றிவிடுவது. இது செயலியை மூடிய பிறகும் நிற்கும். ஆரம்பத்தில் செயலியை நிறுவும்போது காட்டும் நீண்ட அனுமதிப் பட்டியலில் ஒரு வரியாக இது இருந்தது. அந்தப் பட்டியலை யார் படித்தார்கள்? 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 இதை மாற்றியது. அமைப்புகளை மாற்ற விரும்பும் செயலி, பயனரைத் தனிப் பக்கத்துக்கு அழைத்துப்போய், அவர் கையாலேயே அனுமதியைப் போடவைக்க வேண்டும் என்று ஆனது. நல்ல மாற்றம் என்றே சொல்ல வேண்டும்.

ஐபோனில் கதை வேறு. 2011-ல் வந்த ஐஓஎஸ் 5 முதல், ஒரு செயலி ஒரே வரி நிரலில் திரை வெளிச்சத்தை 0 முதல் 1 வரை எந்த அளவுக்கும் மாற்றலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மாற்றம் செயலியோடு நிற்பதில்லை. செயலியை மூடினாலும் போன் பூட்டப்படும்வரை அப்படியே இருக்கும். அடுத்த முறை திரையை எழுப்பும்போதுதான் பயனரின் பழைய அளவு திரும்பும். நடுவில் பழைய நிலைக்குக் கொண்டுவருவது முழுக்க முழுக்க நிரலாளரின் பொறுப்பு. அவர் மறந்தால் பயனருக்குத் தலைவலி.

மறப்பது எப்படி?

நிரலாளர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. இந்த வேலை பார்ப்பதற்குத்தான் எளிது. 'பழைய வெளிச்சத்தைக் குறித்துவை, முழு வெளிச்சத்தை ஏற்று, பக்கத்தை மூடும்போது பழையதைத் திருப்பிக் கொடு.' மூன்று வரி. ஆனால் நடைமுறையில் பாருங்கள்.

பயனர் டிக்கெட் பக்கத்தைத் திறக்கிறார். செயலி 0.3 என்று குறித்துக்கொண்டு 1 ஆக்குகிறது. அப்போது ஒரு செய்தி வருகிறது. டிக்கெட் பக்கத்தை மூடாமலே செய்திச் செயலிக்குப் போகிறார். வெளிச்சம் 1-லேயே நிற்கிறது. திரும்பி வருகிறார். செயலி மறுபடியும் 'பழைய வெளிச்சம் என்ன?' என்று பார்க்கிறது. இப்போது அது 1. குறித்துக்கொள்கிறது. கடைசியில் பக்கத்தை மூடும்போது மிகவும் பொறுப்பாக அந்த 1-ஐயே திருப்பிக் கொடுக்கிறது! நிரலில் எல்லா வரியும் சரி. ஆனால் பயனர் வைத்திருந்த 0.3 காணாமல் போய்விட்டது.

இன்னொன்றும் நடக்கும். செயலி வெளிச்சத்தை ஏற்றியதும் கண் கூசிய பயனர், தானே கட்டுப்பாட்டுப் பட்டையை இழுத்து 0.5 ஆக்குகிறார். பக்கத்தை மூடியதும் செயலி தான் குறித்துவைத்த 0.3-ஐத் திணிக்கிறது. இப்போது திரை இருட்டு. பயனர் கடைசியாகச் சொன்ன சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. வெளிச்சம் மாறும்போது செயலிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு ஐஓஎஸ்ஸில் இருக்கிறது. 'பயனர் கைவைத்துவிட்டார், இனி நாம் தலையிட வேண்டாம்' என்று விலகிக்கொள்ள இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும். அந்த இரண்டு வரியை எழுதுபவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

இது அவ்வளவு பெரிய விஷயமா?

'வெளிச்சம் கூடினால் குறைத்துக்கொள்ள வேண்டியதுதானே, இதற்கு ஒரு கட்டுரையா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் கண் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் விஷயம் புரியும்.

நேரடி வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வகுப்பறையில் 300 முதல் 500. பௌர்ணமி நிலவில் 1 லக்ஸ்கூடக் கிடையாது. இந்த எல்லா வெளிச்சத்திலும் மனிதக் கண் வேலை செய்கிறது. ஆனால் உடனே மாறிக்கொள்ளாது. இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். அந்தப் பழக்கத்தைக் கெடுக்கச் சில நொடி பளீர் வெளிச்சம் போதும். ஆகவே இருட்டில் ஒரு திரை திடீரென்று எரிவதும், பகலில் அதே திரை எரிவதும் ஒன்றல்ல. இரவில் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓட்டுநரின் முன்னால் வழிகாட்டும் செயலியோ விளம்பரமோ வெள்ளையாகப் பளிச்சிட்டால், அடுத்த சில நொடிகள் அவர் கண்ணுக்குச் சாலை சரியாகத் தெரியாது. இது தொல்லை மட்டுமா?

அடுத்தது, எல்லோருடைய கண்ணும் ஒன்றல்ல. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பலருக்கு வெளிச்சம் தாங்காது. பார்வைக் குறைபாடு உள்ள சிலருக்கோ நேர்மாறாக, முழு வெளிச்சம் இருந்தால்தான் எழுத்தே தெரியும். இவர்களுக்காகத்தான் ஐபோனில் வெள்ளையின் கடுமையைக் குறைக்கும் வசதியும், 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-ல் வழக்கமான அடிமட்டத்துக்கும் கீழே மங்கலாக்கும் வசதியும் வைத்தார்கள். அதாவது, போனின் குறைந்தபட்ச வெளிச்சமே சிலருக்கு அதிகம் என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் தனக்கேற்ற அளவைத் தேடிப் பிடித்து வைத்திருக்கும்போது, ஒரு செயலி அதை ஒரே வரியில் தூக்கி எறியலாமா?

தூக்கத்தின் கதையும் உண்டு. 2015-ல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வில், 12 பேரைச் சில இரவுகள் ஒளிரும் திரையிலும், சில இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படிக்கவைத்தார்கள். திரையில் படித்த இரவுகளில் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பும் குறைந்தது. இதை மிகைப்படுத்தவும் கூடாது. அவர்கள் படித்தது தினம் 4 மணி நேரம், திரை முழு வெளிச்சத்தில் இருந்தது. ஆனால் அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வெளிச்சத்தின் அளவு கண்ணுக்கு மட்டும் சேதி சொல்வதில்லை, உடம்புக்கும் சொல்கிறது.

கடைசியாக பேட்டரி. ஓஎல்ஈடி திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-ல் அளந்து பார்த்தபோது, முழு வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணியிலிருந்து கறுப்புப் பின்னணிக்கு மாறினால் சராசரியாக 39 முதல் 47 சதவிகிதம் மின்சாரம் மிச்சமானது. ஆனால் 30 முதல் 50 சதவிகித வெளிச்சத்தில் அதே மாற்றத்தால் மிச்சமானது 3 முதல் 9 சதவிகிதம் மட்டுமே. இதற்கு என்ன பொருள்? பேட்டரியை அதிகம் தின்பது உச்ச வெளிச்சம்தான். நாள் முழுக்கத் தெருவில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும், உணவு கொண்டுபோகும் இளைஞருக்கும் பேட்டரி தீர்ந்தால் பிழைப்பே நின்றுவிடும்.

அப்படியானால் தடை செய்துவிடலாமா?

கூடாது. முதலில் சொன்ன ஆட்டோ ஓட்டுநரை மறந்துவிட வேண்டாம். 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் கியூஆர் குறியீட்டைக் கண்டுபிடித்தபோது, அது கார் உதிரிபாகங்களில் ஒட்டும் தாள். தாள் தானாக ஒளிர்வதில்லை, வெயில் கூடினால் இன்னும் நன்றாகத் தெரியும். திரை அப்படியல்ல. வெயில் கூடினால் கண்ணாடியில் வானம்தான் தெரியும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும். கேமரா தடுமாறும். 2016-ல் யுபிஐ வந்த பிறகு பெட்டிக்கடை முதல் பெரிய கடைவரை இந்தச் சதுரத்தை நம்பித்தான் காசு கை மாறுகிறது. மெட்ரோ வாயிலில் ஒருவர் டிக்கெட்டைக் காட்டத் தடுமாறினால் பின்னால் இருபது பேர் நிற்க வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்கு வெளிச்சப் பட்டை எங்கே இருக்கிறது என்று தேடுவதே பாடு. அவர்களுக்குச் செயலியே ஏற்றிக் கொடுப்பது பெரிய உதவி.

படம் பார்க்கும் செயலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விஎல்சி, எம்எக்ஸ் பிளேயர் போன்றவற்றில் திரையின் இடப்பக்கம் விரலை மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம் மாறும். நெட்பிளிக்ஸ் செயலியிலும் வெளிச்சப் பட்டை உண்டு. இதை யாரும் தொல்லை என்று சொல்வதில்லை. ஏன்? இழுப்பது பயனரின் விரல். கருவி செயலியுடையது, முடிவு பயனருடையது. பிரச்சினை செயலிக்குள் வெளிச்சக் கட்டுப்பாடு இருப்பதில் இல்லை, முடிவு யாருடையது என்பதில்தான் இருக்கிறது.

'சரி, ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கச் சொல்லிவிடலாமே' என்றும் தோன்றும். கேமராவுக்குக் கேட்பதுபோல இதற்கும் ஒரு பெட்டி. ஆனால் பெட்டிகள் பெருகப் பெருக மக்கள் படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கேள்வி கேட்பதைவிடத் தன் எல்லைக்குள் நிற்பது மேல். ஆண்ட்ராய்டின் முதல் வழியில் அந்த எல்லை தானாகவே இருக்கிறது. சாளரம் போனால் மாற்றமும் போய்விடும். ஐபோனிலும் அப்படியே ஆக்கிவிட்டால் மேலே சொன்ன தவறுகளில் பாதி பிறக்கவே பிறக்காது. நல்ல நிரலாளரை நம்புவதைவிட, மறதிக்காரர் எழுதினாலும் கெடுதல் வராதபடி அமைப்பைக் கட்டுவதுதான் நல்ல பொறியியல்.

மறுபக்கத்தில் ஒரு பாடம்

கட்டுப்பாட்டை அதிகமாக இறுக்கினாலும் தப்பு. 2015 நவம்பரில் எப்.லக்ஸ் என்ற மென்பொருளின் கதை இதற்குச் சாட்சி. இரவில் திரையின் நிறத்தைச் சூடாக்கிக் கண்ணுக்கு இதம் தரும் அந்தச் செயலியை, ஆப்பிளின் கடைக்கு வெளியே பயனர்களே ஐபோனில் ஏற்றிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். ஆப்பிள் கேட்டுக்கொண்டதால் சில நாட்களில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் ஐஓஎஸ் 9.3 வந்தபோது அதே வேலையைச் செய்யும் வசதி ஆப்பிளின் பெயரிலேயே உள்ளே இருந்தது. தன் திரை தனக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று பயனர் கேட்டபோது கிடைக்காதது, நிறுவனம் நினைத்தபோது கிடைத்தது.

இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. எச்டிஆர் படங்களும் வீடியோக்களும் திரையில் வரும்போது, பயனர் வைத்த வெளிச்சத்தின் சாதாரண வெள்ளையைவிடக் கூடுதலாக அந்தப் பகுதி மட்டும் ஒளிரும். 2023-ல் ஆண்ட்ராய்டு 14 இந்த வகைப் புகைப்படங்களுக்கும் இடம் கொடுத்தது. சூரிய உதயப் படத்தில் அது அழகுதான். ஆனால் படுக்கையில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு விளம்பரம் மட்டும் எரிந்தால்? வெளிச்சப் பட்டை அசையவில்லை, அளவும் மாறவில்லை, கண்ணோ கூசுகிறது. நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2024-ல் ஆண்ட்ராய்டு 15, ஒரு செயலி தன் சாளரத்தில் இந்தக் கூடுதல் ஒளி எவ்வளவு போகலாம் என்று தானே மட்டுப்படுத்திக்கொள்ள வழி கொடுத்தது. வழி இருக்கிறது. மனம்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

செயலி எழுதும் மாணவர்கள் இன்று கல்லூரிதோறும் இருக்கிறார்கள். இறுதியாண்டு புராஜெக்ட் என்றாலே பாதி மொபைல் செயலிதான். அவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள ஐந்து விஷயங்கள் போதும்.

முதலாவது, இயந்திரமோ இன்னொருவரின் கேமராவோ திரையைப் படிக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெளிச்சத்தை ஏற்றுங்கள். மனிதர் படிக்கும் பக்கத்தில் அவர் வைத்ததே சரி.

இரண்டாவது, பயணச்சீட்டைத் திறந்தவுடன் ஏற்றாதீர்கள். 'காட்டு' என்று ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் ஏற்றுங்கள். பேருந்தில் அந்த மாணவர் சீட்டை வாயிலில் நீட்டவில்லை, இருக்கிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் செயலிக்குத் தெரிந்திருந்தால் பெரியவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மூன்றாவது, பக்கத்தை மூடும்போது மட்டுமல்ல, பயனர் வேறு செயலிக்குத் தாவும்போதும் பழைய அளவைத் திருப்பிக் கொடுங்கள்.

நான்காவது, நடுவில் பயனர் கைவைத்தால் அவர் வைத்ததுதான் கடைசி முடிவு. அதற்குமேல் செயலி பேசக் கூடாது.

ஐந்தாவது, இந்த வசதியே வேண்டாம் என்பவருக்கு அதை அணைத்துவைக்க அமைப்புகளில் ஓரிடம் கொடுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய அறிவு தேவையில்லை. இருபது முப்பது வரி நிரல் போதும். தேவைப்படுவது, அந்தத் திரைக்கு முன்னால் இருட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற நினைப்பு மட்டும்தான்.

விருந்தினராக ஒரு வீட்டுக்குப் போகிறவர், பொருளைத் தேட வெளிச்சம் போதவில்லை என்றால் விளக்கைப் போடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தூங்குகிறவர் இருக்கிறாரா என்று முதலில் பார்ப்பார், வேலை முடிந்ததும் அணைத்துவிட்டு வருவார். செயலியும் போனுக்குள் வந்திருக்கும் விருந்தாளிதான். வீட்டுக்காரர் யார் என்பதை அது மறக்காமல் இருந்தால் சரி.